அச்சம் அகற்றிய அன்னை

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு எனப் பெண்ணுக்கென்று வகுத்துத் தந்த குணங்கள் நான்கு. அந்நான்கினுள் முதலிடம் எதற்கு? அச்சத்துக்கு! இருட்டென்றால் அஞ்சு, இடியென்றால் அஞ்சு, அண்டை வீட்டார் நாவுக்கு அஞ்சு, ஆண்டவனுக்கு அஞ்சு, தந்தைக்கு அஞ்சு, பின்னர்க் கணவனுக்கு அஞ்சு, கடைசியில் பெற்ற பிள்ளைக்கும் அஞ்சு! தொட்டிலிலே தொடங்கும் இப்பாடத்தை நடத்தும் ஆசான் யார் என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. பெரும்பாலும் தாய்! தன் தாய் தனக்குப் பூட்டிய விலங்கை நகையென்று நம்பித் தன் மகளுக்கும் பூட்டுகிறாள் அப்பேதை. அவள்மீது சினந்து பயனில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டுமே வாய்த்த பிணி என்று கருதிவிட வேண்டா. வால்டேர் எழுதிய நாடு, மன்னன் முடியை மண்ணில் உருட்டிய நாடு, சமத்துவம் என்ற சொல்லை உலகின் செவியில் முழங்கிய நாடு பிரான்சு. அந்தப் பிரான்சிலே பெண்ணுக்கு வாக்குரிமை வந்தது எப்போது? புரட்சி வெடித்து 155 ஆண்டுகள் கழிந்த பின்னர், 1944இல்! அத்தகைய நாட்டிலே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தன் இரு பெண்மக்களுக்கு அச்சத்தைக் கற்பிக்க மறுத்த ஒரு தாயின் வரலாற்றை எழுத முற்படுகிறோம்.

மேரி கியூரி அம்மையாரின் பெயரை அறியாத மாணவன் இல்லை. பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்தவர். 1903இல் இயற்பியலுக்கும் 1911இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றவர். பாடநூல் இவ்வளவோடு நின்றுவிடும். ஒழுகும் கூரையின் கீழே கொதிக்கும் கலத்தை இரும்புக் கோலால் துழாவிக்கொண்டு நிற்கும் அம்மையாரின் உருவம் நம் உள்ளத்தில் பதிந்திருக்கிறது. அந்தக் கொட்டகையிலிருந்து மாலையில் வீடு திரும்பிய அம்மையாரை நாம் பார்த்ததில்லை. அங்கே அவருக்காகக் காத்திருந்த குழந்தைகள் எப்படி வளர்ந்தார்கள், எப்படி வளர்க்கப்பட்டார்கள்? அதுவே நமக்கு வேண்டியது.

அம்மையார் பிறந்தது 1867இல், ருசியப் பேரரசின் காலடியில் கிடந்த போலந்தின் வார்சா நகரில். தாய் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை. தந்தை கணக்கும் இயற்பியலும் கற்பித்தவர். தாயைக் காசநோய் பற்றியது. நோய் தொற்றிவிடக் கூடாதே என்று பெற்ற பிள்ளைகளை முத்தமிடாமலே வாழ்ந்தார் அந்தத் தாய். மேரிக்குப் பத்து வயது நடந்தபோது, 1878இல், அவர் கண் மூடினார். அதற்கு முன்னரே மூத்த அக்காள் ஒருத்தி காய்ச்சலுக்குப் பலியாகியிருந்தாள். மன்றாடியும் மாதா கோவிலில் மண்டியிட்டும் பயன் காணாத அச்சிறுமியின் உள்ளத்திலிருந்து சமய நம்பிக்கை அன்றே கழன்று வீழ்ந்தது. பின்னர் அது திரும்பவே இல்லை. வார்சாப் பல்கலைக்கழகம் பெண்ணைச் சேர்க்காது. எனவே ஆட்சியாளர் கண்ணில் படாமல் வீட்டுக்கு வீடு மாறி நடந்த ‘பறக்கும் பல்கலைக்கழக’த்தில் கற்றார். செல்வர் வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை பார்த்து, அக்காள் பாரிசில் மருத்துவம் படிக்கப் பணம் அனுப்பினார். 1891இல் தாமும் பாரிசு சேர்ந்தார்.

1895 ஜூலை 26ஆம் நாள் பியரி கியூரியை மணந்தார். அந்தத் திருமணத்தில் பாதிரியார் இல்லை, மோதிரம் இல்லை, வெள்ளைப் பட்டும் இல்லை. பின்னர் ஆய்வுக்கூடத்துக்கும் உடுத்திச் செல்லத் தக்க கருநீல உடையொன்றே மணப்பெண்ணின் ஆடை. அன்பளிப்பாக வந்த பணத்தில் இரண்டு மிதிவண்டிகள் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றப் புறப்பட்டனர் மணமக்கள்! (புரோகிதர் இல்லாத திருமணம் திருமணமே ஆகாது என்று நம்மிடம் வாதாடியவர்கள் எத்தனை பேர்! 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோதுதான் சட்டம் அவர்கள் வாயை அடைத்தது.)

மூத்த மகள் ஐரீன் 1897 செப்டம்பர் 12இல் பிறந்தாள். ஆய்வா, குழந்தையா? இந்தக் கேள்வியை ஊர் எழுப்பியது. அம்மையாரோ அப்படியொரு கேள்வி இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால், ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அறிவும் மனவுறுதியும் மட்டும் துணையாக ஒரு பெண் இரண்டையும் தாங்கிவிட முடியாது. தொட்டிலை ஆட்ட வேறொரு கை வேண்டும். அந்தக் கை பியரியின் தந்தை, முதிய மருத்துவர் யூழேன் கியூரியின் கை. ஐரீன் பிறந்த சில நாட்களில் தம் மனைவியை இழந்த அவர் மகன் வீட்டுக்கே வந்து தங்கினார். 1871இல் பாரிசுக் கம்யூன் எழுச்சியின்போது காயமுற்றோருக்கு மருத்துவம் செய்தவர், குடியரசுவாதி, குருமார் ஆதிக்கத்தை வெறுத்த சுதந்திரச் சிந்தனையாளர். பேத்திக்குப் பூவும் செடியும் காட்டியவர் அவர். கவிஞர் விக்டர் யூகோவின் மீது காதல் கொள்ளச் செய்தவரும் அவரே. ‘மருமகள் வேலைக்குப் போவதா?’ என்று முகம் சுளிக்கும் மாமனார்கள் நிறைந்த உலகில் இப்படியும் ஒரு மாமனார்! ரேடியத்தின் வரலாற்றில் இவருக்கும் ஒரு பங்குண்டு என்போம் நாம்.

அம்மையாரிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. குழந்தையின் எடை எத்தனை, என்ன உண்டாள், எந்தப் பல் முளைத்தது, எந்தச் சொல்லை முதலில் உதிர்த்தாள் என்பவற்றை நாள் தவறாமல் எழுதி வைத்தார். பொலோனியம் கண்ட அதே 1898இல் ஐரீனுக்கு ஏழாவது பல் முளைத்த செய்தியும் பதிவாகியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் கதிரை அளந்த கண் அதே கூர்மையோடு மகளின் வளர்ச்சியையும் அளந்தது. தன் எண்ணத்தை மகள்மீது ஏற்றாமல், மகள் யாரென்று உற்றுப் பார்த்து அறிவதற்கே அந்தக் கண்ணைப் பயன்படுத்தினார்.

இரண்டாம் மகள் ஈவ் 1904 டிசம்பர் 6இல் பிறந்தாள். பதினாறு மாதங்களே கழிந்தன. 1906 ஏப்ரல் 19, மழை நாள். பாரிசின் தோஃபீன் தெருவில் குதிரை வண்டியின் சக்கரம் பியரி கியூரியின் தலைமீது ஏறி இறங்கியது. முப்பத்தெட்டு வயதில் கைம்பெண் ஆனார் அம்மையார். மடியில் ஒன்று, அருகில் எட்டு வயதில் ஒன்று.

உதவித்தொகை தர அரசு முன்வந்தது. தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் வேண்டியதை உழைத்துத் தேடிக்கொள்ளத் தமக்கு வயதிருக்கிறது என்று கூறி மறுத்தார். அதே ஆண்டு நவம்பர் 5இல், சோர்போன் பல்கலைக்கழகத்தில், கணவர் நின்ற மேடையில் ஏறிப் பாடம் தொடங்கினார். அங்கே பாடம் நடத்திய முதல் பெண் அவரே. புகழுரையும் இல்லை, புலம்பலும் இல்லை. கணவர் விட்ட இடத்திலிருந்து இயற்பியலைத் தொடர்ந்தார்.

பின்பு பாரிசுக்கு அருகேயுள்ள சோ என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அந்த வீட்டுத் தோட்டத்தை நினைத்தாலே நமக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. பெண்மக்கள் இருவரும் ஏறி விளையாட உயரமான மரச்சட்டம் ஒன்றை நாட்டினார் அம்மையார். அதிலே ஊசற்கட்டை தொங்கியது. இரும்பு வளையங்கள் தொங்கின. வழுக்கும் கயிறொன்றும் தொங்கியது. பெண் குழந்தைகள் மரமேறினால் காலை ஒடிப்பேன் என்னும் தாய்மாரை அறிவோம். இவரோ ஏறுவதற்குக் கயிறு கட்டித் தந்தார்! காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் மூளைக்கோ கைக்கோ வேலை. அதன் பின்னர் நடை, உடற்பயிற்சி, நீச்சல், மிதிவண்டி. ஆளுக்கொரு பாத்தி, அதில் அவரவர் விதை. களிமண்ணில் உருவம் பிடிக்கவும் கற்றனர். சமைக்கவும் தைக்கவும் கற்றனர். சமையல் பெண்ணின் கடன் என்பதற்காகக் கற்பிக்கவில்லை. கை பழக வேண்டும் என்பதற்காகவே கற்பித்தார்.

அவ்வீட்டில் அச்சத்துக்கு இடமில்லை. இருட்டுக்கு அஞ்சக் கூடாது. இடி இடித்தால் தலையணைக்குள் முகம் புதைக்கக் கூடாது. திருடர் கதை சொல்லி உண்ண வைப்பது, நோய்ப் பெயர் சொல்லி அடக்கி வைப்பது என்ற பேச்சே கிடையாது. அம்மையார் இயல்பிலேயே அஞ்சாதவர் என்று எண்ண வேண்டா. இந்த அச்சங்கள் அனைத்தையும் தாமே பட்டு அறிந்தவர்; அவை எவ்வளவு கொடியவை என்று தெரிந்ததால்தான் மக்களை அண்டவிடவில்லை. கணவரைத் தெரு வண்டிக்குப் பறிகொடுத்த ஒரு பெண், பதினொன்று பன்னிரண்டு வயதிலேயே தன் மகள்களைத் தெருவில் தனியே அனுப்பினார். தொடர்வண்டியில் துணையின்றிப் பயணம் செய்யவும் விட்டார். ஒவ்வொரு முறையும் கதவு சாத்தப்பட்டபோது அந்த நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! தன் அச்சத்தைத் தானே விழுங்கிக்கொண்டு, மகளின் கையில் பயணச்சீட்டைக் கொடுத்தாரே, அந்தச் செயல் நோபல் பரிசுக்குக் குறைந்ததென்று நாம் கருதவில்லை.

ஞானஸ்நானம்? இருவருக்கும் செய்விக்கவில்லை. தாம் நம்பாத ஒன்றைப் பிள்ளைகளுக்கு உண்மையென்று போதிக்க அவர் மனம் இடம் தரவில்லை. வளர்ந்த பிறகு அவர்களே ஒரு மதத்தைத் தேடிக்கொண்டால் தடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருந்தார். நாத்திகத்தைக் கூடத் திணிக்கவில்லை என்பதைப் பகுத்தறிவு பேசும் தோழர்கள் சற்றே நின்று கவனிக்க வேண்டும்.

இனி, அம்மையார் நடத்திய பள்ளியைப் பற்றிச் சொல்லலாம். பிள்ளைப் பருவத்தின் வெயிலையும் காற்றையும் திருடிக்கொண்டு, மணிக்கணக்கில் அடைத்து வைக்கும் பள்ளிகளை அவர் வெறுத்தார். வெறுப்போடு நிற்கவில்லை. 1907இல் சோர்போன் நண்பர்களைக் கூட்டினார். ஆளுக்கொரு பாடம் எடுப்போம், நம் பிள்ளைகளை நாமே படிப்பிப்போம் என்று ஒரு கூட்டுறவு! வேதியியலுக்கு ழான் பெரன். கணக்குக்குப் போல் லாஞ்சவன். வரலாற்றுக்கும் மொழிக்கும் இலக்கியத்துக்கும் பெரன் அம்மையாரும் சவான் அம்மையாரும். உருவம் வடிக்க ஒரு சிற்பி. இயற்பியலுக்கு மேரி கியூரி. மாணவர் ஏறத்தாழப் பத்துப் பேர், ஆணும் பெண்ணும் கலந்து. நாளொன்றுக்கு ஒரே பாடம். மற்றப் பொழுதெல்லாம் அவர்களுடையது.

வியாழன்தோறும் பிற்பகலில் இயற்பியல். மிதிவண்டிச் சக்கரத்தின் இரும்புக் குண்டுகளை மையில் தோய்த்துச் சாய்ந்த பலகையில் உருட்டிவிடுவார். அவை இழுத்துச் சென்ற வளைகோட்டிலே வீழும் பொருளின் விதி தன்னைத் தானே எழுதிக் காட்டும். குழந்தைகள் தாமே செய்த வெப்பமானி, கடையில் வாங்கியதோடு ஒத்த அளவு காட்டும், உடனே ஆரவாரம்! ஒருமுறை, கலத்தில் உள்ள சூடான நீர்மத்தை ஆறாமல் காப்பதெப்படி என்று வினவினார். கம்பளி சுற்றலாம் என்றது ஒரு குழந்தை. இன்னொன்று வேறேதோ அரிய வழி சொன்னது. தாமாக இருந்தால் முதலில் ஒரு மூடியைப் போட்டு மூடுவேன் என்றாராம் அம்மையார். மனக்கணக்கில் தவறே வரக் கூடாது என்பார். விரைந்து ஓடாமலிருப்பதே அதன் இரகசியம் என்பார். மேசையை அழுக்காக்கிவிட்டுப் பிறகு துடைக்கிறேன் என்று சொன்ன பிள்ளைக்குக் கோபத்தோடு கிடைத்த பாடம்: அழுக்காக்காமலே செய்யப் பழகு.

நாற்பது ஐம்பது பிள்ளைகளை நான்கு சுவருக்குள் வைத்துக்கொண்டு மணியடிப்புக்கு ஆடும் ஆசிரியர்களாகிய நமக்கு இதைப் படிக்கும்போது பொறாமை வராமல் இல்லை. பத்துப் பிள்ளைகளுக்கு உலகப் புகழ் பெற்ற அறிஞர்கள் ஆசிரியர்களாக அமைவது எந்த ஊரிலும் நடவாத செயல். அந்தப் பள்ளியும் இரண்டாண்டுகளே நடந்தது. பெற்றோரின் வேலைப் பளு, எதிரே நின்ற அரசுத் தேர்வு இரண்டும் சேர்ந்து அதை மூடிவிட்டன. ஆயினும், ஆண் பிள்ளைக்கு இயற்பியல், பெண் பிள்ளைக்குப் பூ வேலை என்று பிரித்துக்கொண்டிருந்த காலத்தில், இருபாலாரும் ஒரே மேசையில் அதே இரும்புக் குண்டை உருட்டினார்கள். அதற்குப் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

1910இல் முதியவர் யூழேன் இறந்தார். அடுத்த ஆண்டு பெரும்புயல் வீசியது.

1911 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் அகாதமியின் தேர்தலில் அம்மையார் ஓரிரு வாக்கு வேறுபாட்டில் தோற்கடிக்கப்பட்டார். பெண்ணை உள்ளே விடலாமா என்பதே அங்கு நடந்த பெரும் வழக்கு. நவம்பரில் அதைவிடக் கொடுமை நேர்ந்தது. பியரியின் மாணவராயிருந்த லாஞ்சவன், மனைவியோடு மனம் ஒவ்வாது வாழ்ந்தவர். அவருக்கும் அம்மையாருக்கும் இருந்த நெருக்கத்தை, திருடப்பட்ட கடிதங்களைக் கொண்டு பத்திரிகைகள் சந்திக்கு இழுத்தன. ‘அயல்நாட்டுக்காரி’ என்றன, யூதச்சி என்றும் கிளப்பிவிட்டன. ஆணின் மீது தெறித்தது துளி. பெண்ணின் மீது கொட்டியது குடம்! சோ வீட்டின் முன் கூட்டம் கூடியது. குழந்தைகளோடு நண்பர் வீட்டில் அடைக்கலம் புக நேர்ந்தது. அதே நாட்களில்தான் இரண்டாம் நோபல் பரிசுச் செய்தியும் வந்தது. இந்நிலையில் விழாவுக்கு வராதிருப்பது நலம் என்று சுவீடனிலிருந்து கடிதம் வந்தது. பரிசு தம் ஆராய்ச்சிக்கு வழங்கப்படுவது, அதற்கும் தம் சொந்த வாழ்வுக்கும் தொடர்பில்லை என்று மறுமொழி எழுதிவிட்டுப் புறப்பட்டார்.

தனியே போனாரா? பதினான்கு வயது ஐரீனையும் உடன் அழைத்துக்கொண்டார்! தாயின் பெயரைத் தெருவில் இழுத்தவர்களின் பேச்சு அந்தச் சிறுமியின் காதில் விழாமலா இருந்திருக்கும்? மூடி மறைக்கவும் இல்லை; மகள் முன் கண்ணீர் வடித்து நியாயம் கேட்கவும் இல்லை. ஸ்டாக்ஹோம் மண்டபத்தின் இருக்கையில் மகளை அமர்த்தித் தாம் மேடை ஏறினார். நாவுக்கு அஞ்சாதே என்று எத்தனை நாள் சொன்னாலும் அந்த ஒரு மாலைக்கு ஈடாகாது.

பிறகு உடலும் உள்ளமும் ஒருங்கே முறிந்து, ஓராண்டுக்கு மேல் நோயில் கிடந்தார். வேறு பெயரில் தங்கி மருத்துவம் பார்த்துக்கொள்ளும் நிலை. அந்நாட்களில் ஐரீன் தாய்க்கு எழுதிய கடிதங்களின் முகவரியில் கியூரி என்னும் பெயரை எழுதக் கூடாது. பிள்ளைகள் பட்ட துன்பம் அது.

1914இல் போர் மூண்டது. எக்ஸ்-கதிர்க் கருவியை ஊர்தியில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டுசெல்லும் திட்டத்தை அம்மையார் வகுத்தார். இருபது ஊர்திகள், இருநூறு நிலையங்கள் என வளர்ந்தது அது. மகள் ஐரீன் உடன் நின்றாள். பதினெட்டு வயதில், பெல்ஜியத்துப் போர்முனைக்கு அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்-கதிர் நிலையத்தின் பொறுப்பை மகளிடம் ஒப்படைத்துவிட்டுத் தாய் வேறு முனைக்குப் போய்விட்டார்! வீரனின் உடலுக்குள் குண்டுச் சில்லு எங்கே, எத்தனை ஆழத்தில் தைத்திருக்கிறது என்று கணக்கிட்டுப் படைமருத்துவருக்குச் சொல்வது அந்தப் பெண்ணின் வேலை. ஏறத்தாழ 150 பெண்களுக்கு இக்கலையில் பயிற்சியளித்த வகுப்பிலும் ஐரீன் ஆசிரியை. இதற்கிடையே சோர்போனில் கணிதம், இயற்பியல், வேதியியல் என ஒன்றன்பின் ஒன்றாகச் சான்றிதழ்கள் பெற்றாள்.

மூத்தவள் தாயின் அச்சில் வார்த்தவள். அவளிடம் வெற்றி காண்பது எளிது. தாயின் திறத்தை உரைத்துப் பார்க்கும் உரைகல் இளையவள்தான்.

ஈவுக்கு ஆய்வுக்கூடம் பிடிக்கவில்லை. அவள் விரல்கள் பியானோவைத் தேடின. இசையில் அம்மையாருக்குப் பெரிய ஈடுபாடில்லை. ஆயினும் மகளின் நாட்டத்தை இளமையிலேயே கண்டுகொண்டு, பெரிய பியானோ ஒன்றை வாங்கித் தந்தார். ரேடியம் கண்டவர் மகள் இசைக் கச்சேரியா செய்வது என்று கேட்கவில்லை. 1925இல் பாரிசில் ஈவ் தம் முதல் கச்சேரியை நடத்தினார். அதே ஆண்டில்தான் ஐரீன் பொலோனியத்தின் ஆல்ஃபாக் கதிர்களைப் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றார். ஒருவர் பியானோ முன், ஒருவர் அளவைக் கருவி முன். இருவருக்கும் தாய் ஒருவரே.

உடையிலும் ஒப்பனையிலும் ஈவ் வேறு வழி. உயர்ந்த குதிகாலணி, புதுப் பாங்கு உடை, முகப்பூச்சு. அம்மையாரோ கறுப்பு உடையைத் தவிர வேறறியாதவர். மாலை விருந்துக்கு மகள் புறப்படும்போது அறைக்கு வந்து அமர்ந்து, அந்தக் குதிகாலையும் முதுகு தெரியும் உடையையும் பூச்சையும் வாயாரப் பழிப்பாராம்! பழித்து முடித்த பின், நாளைக் காலை இந்தப் பூச்சு முகத்தில் ஏறுமுன் வந்து முத்தமிடுகிறேன் என்று சொல்லிப் போவாராம். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றார். கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. ‘உன் நன்மைக்காக’ என்று தொடங்கும் ஆணைகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்த நம் தங்கைகளுக்கு இந்த வேறுபாடு விளங்கும்.

அவ்வளவும் நிறைவாக இருந்ததா? இல்லை. அம்மையாரைத் தேவதையாக்கிக் கும்பிட நாம் வரவில்லை. தேவதைகளால் நாம் பட்டது போதும். தம் இளமை மகிழ்ச்சியானதாக இருக்கவில்லை என்று ஈவ் பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். தாய் பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில். இரவிலும் மூத்த மகளோடு பேச்சு இயற்பியலில். நடுவே ஒரு சிறுமி தனித்திருந்தாள். புதியவர் வந்தால் முகமலர்ச்சியோடு இரண்டு சொல் பேசவும் அந்த வீட்டில் கற்பிக்கப்படவில்லை. ஈவ் அதைத் தாமாகவே முயன்று கற்றுக்கொண்டார். ஐரீன் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை! வேறொன்றும் உண்டு. அச்சம் வேறு, எச்சரிக்கை வேறு. கதிர்களின் தீமை முழுதும் விளங்காத அந்நாளில் தாயும் மகளும் அவற்றின் நடுவே ஆண்டுக்கணக்கில் உழன்றனர். இருவர் உயிரையும் குடித்தது குருதி நோயே.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இவ்வரலாறு முழுமை பெறாது. ரேடியம் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தால் கோடீசுவரர் ஆகியிருக்கலாம், பெறவில்லை. கணவர் இறந்தபின், தாமும் அவரும் பிரித்தெடுத்த ஒரு கிராம் ரேடியம் கையிலிருந்தது. பத்து இலட்சம் பொன் பிராங்குக்கு மேல் மதிப்பு. பெண் பிள்ளைகளுக்கு வேண்டாமா என்று சுற்றத்தார் கேட்டனர், ஆய்வுக்கூடத்துக்கே கொடுத்துவிட்டார். 1921இல் அமெரிக்கப் பெண்கள் 1,00,000 டாலர் திரட்டி மற்றொரு கிராம் வாங்கித் தந்தனர். மே 20ஆம் நாள் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ஹார்டிங் கையால் வழங்க ஏற்பாடு. முதல் நாள் இரவு கொடைப் பத்திரத்தைப் படித்த அம்மையார், இப்படியே விட்டால் தம் இறப்புக்குப் பின் இது மகள்களின் சொத்தாகிவிடும் என்று சொல்லி, அந்த இரவிலேயே வழக்கறிஞரை வரவழைத்து மாற்றி எழுதச் செய்தார். மகள் இருவரும் அந்தப் பயணத்தில் உடனிருந்தனர். அவர்களுக்குச் சீதனமாக அவர் எண்ணியது ஒன்றே: ஆளுக்கொரு தொழில், அதில் வரும் சொந்தச் சம்பாத்தியம்.

1934 ஜனவரியில் ஐரீனும் அவர் கணவர் பிரெடரிக் ழோலியோவும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்தனர். கதிரால் வெந்த விரல்களில் அந்தச் சிறு குழலை வாங்கி, அளவைக் கருவியருகே பிடித்து, அதன் ஒலியைக் கேட்டார் அம்மையார். ஆறு திங்களில், ஜூலை 4இல், மலைநாட்டு மருத்துவமனை ஒன்றில் மறைந்தார். இறுதி நாட்களில் இரவு பகலாக அருகிருந்து பணிவிடை செய்தவர் பியானோ வாசித்த மகள் ஈவ்.

மறு ஆண்டு, தாய் மேடை ஏறக் கண்ட அதே ஸ்டாக்ஹோமில், ஐரீன் தம் கணவரோடு நோபல் பரிசு பெற்றார். 1936இல் பிரெஞ்சு அமைச்சரவையில் அறிவியல் ஆராய்ச்சித் துறைக்குத் துணைச் செயலாளர் ஆனார். வாக்களிக்க உரிமை இல்லாத பெண் அமைச்சரவையில்! 1950 ஜனவரியில் இந்தியா வந்து, மேகநாத் சாகா கல்கத்தாவில் நிறுவிய அணு இயற்பியல் கழகத்தைத் திறந்து வைத்தார். ஈவ் 1937இல் தாயின் வரலாற்றை எழுதி உலகறியச் செய்தார். நாசிகளிடம் பிரான்சு வீழ்ந்தபோது பணிய மறுத்து விடுதலைப் படையில் சேர்ந்தார். விசி அரசு அவர் குடியுரிமையைப் பறித்தது. போர்முனைகளைச் சுற்றி எழுதிய பயணத்தில் 1942இல் இந்தியாவுக்கும் வந்து காந்தியாரையும் நேருவையும் கண்டு பேசினார். 2007இல், 102 வயதில் மறைந்தார்.

ஐரீனைப் பற்றி ஒரு செய்தி மிச்சம். தாயை வெளியே நிறுத்திய அறிவியல் அகாதமிக்கு அவர் விண்ணப்பித்தார். மறுத்தனர். மீண்டும் விண்ணப்பித்தார். மீண்டும் மறுத்தனர். கிடைக்காதென்று தெரிந்தே, பெண் என்பதால் மறுக்கிறார்கள் என்பதை நாடறிய வேண்டுமென்றே திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார். 1956இல் இறக்கும்வரை கதவு திறக்கவில்லை. 1962இல் மேரி கியூரியின் ஆய்வுக்கூடத்தில் பயின்ற மார்கரித் பெரே அம்மையாரைத் தொடர்பு உறுப்பினராக ஏற்றார்கள். முழு உறுப்பினராக ஒரு பெண், ஈவோன் சொக்கே-புருவா, தேர்ந்தெடுக்கப்பட்டது 1979இல்.